ஆறு ஏன் கறுக்கிறது?

பாத்திரம் கழுவிய தண்ணீர் கறுப்பாக இருப்பதில்லை. குளித்த தண்ணீர் சோப்புநுரையோடு வெளுத்திருக்கும், துணி அலசிய தண்ணீர் கலங்கியிருக்கும். கழிப்பறையிலிருந்து போவதும் பழுப்புதான். ஆனால் இவையெல்லாம் சேர்ந்து ஓடும் சென்னையின் கூவம் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கன்னங்கரேலென்று தெரிகிறது. சாயப்பட்டறை இல்லாத, நிலக்கரி இறங்காத ஊர்களிலும் சாக்கடை கலக்கும் ஆறுகள் இப்படித்தான் கறுக்கின்றன. அந்தக் கறுப்பை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. ஆறே அதை உண்டாக்குகிறது.

எப்படி உண்டாக்குகிறது என்று புரிந்துகொள்ள, கடலும் ஆறும் சந்திக்கும் ஒரு பழைய துறைமுகத்துக்குப் போகலாம். இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது பலேர்மோ. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஃபினீசிய வணிகர்கள் இங்கே குடியேறியபோது, கெமோனியா, பப்பிரேத்தோ என்ற இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே நாக்குப் போல நீண்டிருந்த நிலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில் கடல் உள்ளே புகுந்து, அலை அடிக்காத துறைமுகமாக இருந்தது. காலப்போக்கில் வண்டல் படிந்து அந்தத் துறைமுகம் சுருங்கியது. பப்பிரேத்தோவின் சதுப்பை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வற்றவைத்து, ஆற்றைத் தரைக்கடியில் கால்வாயாக்கிவிட்டார்கள். இன்று இரண்டு ஆறுகளின் மேலும் தெருக்கள் ஓடுகின்றன. பழைய துறைமுகத்தில் மிஞ்சியது ‘லா காலா’ என்ற சிறு விரிகுடா. இப்போது பாய்மரப் படகுகள் நிற்கும் அந்த இடத்தில்தான் பழைய நகரத்தின் சாக்கடை நெடுங்காலம் வந்து விழுந்தது.

மூன்றாவது ஆறு இன்னும் வெளிச்சத்தில் ஓடுகிறது. அதன் பெயர் ஓரெத்தோ. அல்தோஃபோன்தே, மொன்ரெயாலே ஊர்களை ஒட்டிய மலைச்சரிவுகளில் பிறந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடி, துறைமுகத்துக்குத் தென்கிழக்கே கடலில் கலக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் பலேர்மோவுக்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல் இதன் கரையில் மாவு அரைக்கும் ஆலைகள் பல இருந்ததை எழுதியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில், மன்னர் இரண்டாம் ரோஜரின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியா ஜார்ஜ் இதன் குறுக்கே கட்டிய கல்பாலம் இன்றும் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து 1930களில் ஆற்றின் போக்கை மாற்றியதால், பாலத்தின் கீழே இப்போது புல்தரைதான் இருக்கிறது.

இந்த ஊர் தமிழருக்கு அந்நியமானதும் இல்லை. 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் பலேர்மோவில் குடியேறி வாழ்கிறார்கள். ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மோந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுவோரில் கத்தோலிக்கத் தமிழரும் உண்டு, சைவத் தமிழரும் உண்டு. அவர்கள் வீட்டு அடுக்களை நீரும் கடைசியில் போய்ச் சேர வேண்டியது இந்தக் கடல்தான்.

அந்த நீர் ஆற்றை எப்படிக் கறுக்க வைக்கிறது? ஆற்றின் உயிர் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அது ஹைட்ரஜனோடு இறுகப் பிணைந்தது, எந்த மீனாலும் அதைப் பிரித்து மூச்சுவிட முடியாது. மீனும் நண்டும் புழுவும் பாக்டீரியாவும் பயன்படுத்துவது காற்றிலிருந்து வந்து நீரில் கலந்திருக்கும் தனி ஆக்சிஜனை. இதைக் கரைந்த ஆக்சிஜன் என்கிறார்கள். இதன் அளவு மிகவும் சொற்பம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தவிக்கும், 2 மில்லிகிராமுக்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது.

இந்தச் சிறிய கையிருப்பில்தான் சாக்கடை வந்து கலக்கிறது. வீட்டுச் சாக்கடையில் இருப்பதில் பெரும்பகுதி விஷம் இல்லை. சோற்றுப்பருக்கை, எண்ணெய், பால், மலம், சோப்பு என்று பாக்டீரியாக்களுக்கு விருந்தாகும் பொருள்கள்தான். உணவு வந்ததும் அவை பல்கிப் பெருகுகின்றன. உண்பதைச் செரிக்க அவற்றுக்கும் நம்மைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் உள்ளே வருவதைவிட வேகமாக அவை இருப்பதைத் தீர்த்துவிடுகின்றன. கல்லில் மோதிக் குதித்தோடும் ஓடைக்குக் காற்று எளிதில் கிடைக்கும். தேங்கிய நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு.

ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. கறுப்பின் ரகசியம் இங்கேதான் தொடங்குகிறது. கேஸ் தீர்ந்துபோன வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பை எடுப்பார்கள். மண்ணெண்ணெயும் இல்லையென்றால் விறகு, விறகும் தீர்ந்தால் ஈர ஓலை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சூடு குறையும், புகை கூடும். பாக்டீரியாக்களும் இப்படித்தான் படி இறங்குகின்றன. ஆக்சிஜன் இருக்கும்வரை அதை வைத்து உணவைச் சிதைக்கும். அதில்தான் ஆற்றல் அதிகம். அது தீர்ந்தால் நைட்ரேட், பிறகு சேற்றில் இருக்கும் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் துரு, அதன் பிறகு சல்பேட். எதுவுமே இல்லாதபோது மீத்தேன் வாயு உண்டாகும் கடைசிப் படி. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நுண்ணுயிர்க் கூட்டங்கள் உண்டு. ஒரு கூட்டம் ஓயும் இடத்தில் அடுத்தது தலையெடுக்கும்.

சல்பேட் என்பது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் வாயு ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று சொல்வது இதைத்தான். வெள்ளிக் கொலுசை அது கறுக்க வைக்கும். நீரிலும் சேற்றிலும் இருக்கும் இரும்போடு இந்த வாயு சேரும்போது இரும்பு சல்பைடு உண்டாகிறது. அந்த நுண்துகள்கள் கறுப்பு. கூவத்தின் நிறமும் மூடிய துறைமுகங்களின் அடிச்சேற்றின் நிறமும் பெரும்பாலும் இந்தத் துகள்களால் வருபவை.

முகத்துவாரத்தில் கறுப்பும் நாற்றமும் ஏன் அதிகம் என்பதும் இதிலிருந்து விளங்கும். மலை ஓடையில் சல்பேட் லிட்டருக்குச் சில மில்லிகிராம்களே இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம். ஆறு சாக்கடை உணவைக் கொண்டுவருகிறது, கடல் வற்றாத சல்பேட்டைக் கொடுக்கிறது, வண்டல் இரும்பைத் தருகிறது. மூன்றும் கூடும் இடம் துறைமுகமும் கழிமுகமும்தான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1880களில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் சோதனையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குடுவையில் குளத்துச் சேறும், உணவாகக் கிழித்த காகிதமும், கந்தகத்துக்காகக் கொஞ்சம் முட்டை மஞ்சட்கருவும் போட்டு, நீர் ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைக்க வேண்டும். சில வாரங்களில் அடிச்சேறு கறுக்கத் தொடங்கும். அதற்கு மேலே பச்சையும் ஊதாவுமாக வேறு பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காக வளரும். காற்றுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கூட்டம், காற்றே எட்டாத ஆழத்தில் இருப்பது இன்னொன்று. 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்யரிங்க் சல்பேட்டிலிருந்து நாற்ற வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். கால்வாய்கள் நாறும் ஊரில் வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

ஆறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளப்பது வேறு கதை. 1888இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர், ஒரு குப்பி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சில வேதிப்பொருள்களின் நிறமாற்றத்தைக் கொண்டே கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து ஓர் எளிய யோசனை பிறந்தது. ஆற்றுநீரைக் குப்பியில் அடைத்து ஆக்சிஜனை அளக்க வேண்டும். குப்பியைக் காற்றுப் புகாமல் மூடி, பாசி வளராதபடி இருட்டில் வைத்துச் சில நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு உணவு நீரில் இருந்தது என்று பொருள். இதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் பி.ஓ.டி. என்பார்கள். மேற்கு நாடுகளில் பரவலான சோதனைக்கு ஐந்து நாள். பிரிட்டனில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1912 அறிக்கையில் அந்தக் கணக்கை வைத்தது. அந்த நாட்டின் எந்த ஆறும் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள் வைக்கிறார்கள். சூட்டில் பாக்டீரியாக்கள் வேகமாக உண்ணும், அதனால் காத்திருப்பும் குறைகிறது. குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு இந்திய வரையறை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படாத பி.ஓ.டி. வீட்டுச் சாக்கடையில் அது 200, 300 என்று இருக்கும்.

அந்த ஐந்து நாள் கணக்கை ஓரெத்தோவுக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோமீட்டர் ஆறு. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் கடலுக்கு வந்துவிடும். மேலே ஏதோ ஒரு வீட்டுக் குழாயிலிருந்து விழுந்த உணவில் சிறு பகுதிதான் அதற்குள் சிதைந்திருக்கும். மிச்சத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை முகத்துவாரமும் துறைமுகக் கரையும்தான் கொடுத்தாக வேண்டும். சாக்கடை விழும் இடத்தைவிடக் கீழே சில கிலோமீட்டர் தள்ளித்தான் ஆக்சிஜன் மிகவும் சரிகிறது என்பதை 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். குழாயைத் திறந்துவிடுபவர் கண்ணில் கெடுதல் படுவதில்லை என்பதற்கு இது அறிவியல் விளக்கம். மேட்டில் இருக்கும் ஊர் தன் பக்கத்து ஆறு பரவாயில்லை என்று நினைக்க, பள்ளத்தில் இருக்கும் ஊர் மூக்கைப் பொத்திக்கொள்கிறது.

கடலோரத்திலும் உதவி குறைவு. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது, பலேர்மோவில் கடல்மட்டம் சில பத்து சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கும். அலைதாங்கிச் சுவர்களுக்குள் இருக்கும் நீரை நாள்தோறும் மாற்றிவிட அது போதாது. கப்பலுக்கு நல்ல அமைதி கிடைக்கிறது, நீருக்கு மூச்சு முட்டுகிறது. சென்னையிலும் துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு கடற்கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு அதன் தெற்கே சேர்ந்தது. மெரினா அகன்றதும் அப்படித்தான். கூவத்தின் வாயில் மணல்திட்டு அடைப்பதற்கும் அந்த மணல் ஒரு காரணம். வாய் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வந்து அலசிச் செல்ல வழியில்லை.

நாற்றத்தைப் போக்க நல்ல பாக்டீரியா என்று சொல்லி ஆற்றில் கரைசல் ஊற்றுவது அவ்வப்போது நடக்கிறது. ஆற்றில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் இதயமும் இந்த உண்மைதான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீருக்குள் காற்றை ஊதி, அதே பாக்டீரியாக்களை ஆற்றுக்கு வெளியே, தொட்டிக்குள் உண்ண வைத்தார்கள். உலகம் முழுக்க இன்றும் பெரும்பாலான நகரங்கள் செய்வது அதன் வடிவங்களைத்தான். காற்று ஊதும் மின்சாரச் செலவுதான் அதில் பெரியது.

இங்கேதான் தனிமனிதர் உள்ளே வருகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 கழிவுநீர்ச் சட்டம் ஓர் ஆளின் ஒரு நாள் கழிவைச் சிதைக்க 60 கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்று கொண்டால், ஒருவரின் ஒரு நாள் கழிவு ஏறத்தாழ 6,700 லிட்டர் நல்ல நீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிடும். சென்னைத் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதிக்கு மேல். திரிந்துபோன ஒரு லிட்டர் பாலைத் தொட்டியில் ஊற்றினால் கிட்டத்தட்ட ஒரு லாரி நீரின் ஆக்சிஜன் போகும். நூறு கிராம் மாவுச்சத்துக்கு, அதாவது வடித்த கஞ்சியோடும் மிஞ்சிய சோற்றோடும் போகும் அளவுக்கு, 118 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எல்லாவற்றையும் மிஞ்சுவது எண்ணெய். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் முழுக்கச் சிதைய ஏறத்தாழ இரண்டரைக் கிலோ ஆக்சிஜன் தேவை. இருபதுக்கும் மேற்பட்ட லாரி நீர்!

ஆகவே வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. இத்தாலியில் பழைய எண்ணெயைச் சேகரிக்கத் தனிக் கூட்டமைப்பே இயங்குகிறது, வீட்டார் புட்டியில் சேர்த்து நகராட்சிச் சேகரிப்பு மையங்களில் கொடுக்கலாம். இந்தியாவில் 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழைய எண்ணெயை பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது, ஆனால் அது முக்கியமாக உணவகங்களைக் குறிவைத்தது. வீடுகளில் எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவதும், சாப்பாட்டு மிச்சத்தை உரக்குழிக்கோ மாட்டுக்கோ கொடுப்பதும் உடனே செய்யக்கூடியவை. பாஸ்பேட் குறைந்த சலவைத்தூளும் உதவும். பாஸ்பேட் பாசியை வளர்க்கும், செத்த பாசி மறுபடியும் பாக்டீரியாவுக்கு உணவு. ஐரோப்பா 2013 முதல் வீட்டுச் சலவைத்தூளில் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. ஈரத் துடைப்புத்தாளும் நாப்கினும் கழிப்பறையில் போனால் குழாய் அடைத்துச் சாக்கடை தெருவழியே ஆற்றுக்குப் போகும். கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது நல்ல வேலை. ஆனால் அது ஆற்றுக்கு ஆக்சிஜன் தருவதில்லை என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

ஆற்றின் எல்லா நோயும் இந்த நோய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பை எந்தப் பாக்டீரியாவும் உண்ணாது. அங்கே வீட்டாரின் சிக்கனத்தால் எதுவும் நடந்துவிடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுச் சாக்கடையிலும் அரசின் பங்கு பெரிது. நகரக் கழிவுநீரைச் சட்டப்படி சுத்திகரிக்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்போது 109 ஊர்த்தொகுதிகள் கணக்கில் இருந்தன. 2018 மே 31 அன்றும் 74 மிஞ்சியிருந்ததால் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. தாமதிக்கும் ஒவ்வோர் அரையாண்டுக்கும் மேலும் மூன்று கோடி யூரோ. அந்தப் பட்டியலில் சிசிலி ஊர்கள் ஏராளம்.

அதே 2018இல் பலேர்மோ மக்கள் வேறொன்று செய்தார்கள். இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான எஃப்.ஏ.ஐ. நாடு முழுவதும் ‘மனத்துக்குப் பிடித்த இடங்கள்’ வாக்கெடுப்பு நடத்துகிறது. மாடமாளிகைகளும் தேவாலயங்களும் போட்டியிடும் அந்தப் பட்டியலில் சாக்கடை கலந்த ஓரெத்தோ ஆறு 83,000க்கும் மேற்பட்ட வாக்குகளுடன் நாட்டில் இரண்டாமிடம் பிடித்தது. ஆற்றைக் காக்கக் கூடிய குழுவினர் பள்ளிகளிலும் தெருக்களிலும் கையெழுத்து வாங்கித்தான் அது நடந்தது. வாக்கு தண்ணீரைச் சுத்தம் செய்யாது என்று ஒதுக்குவது தவறு. யாரும் திரும்பிப் பார்க்காத ஆற்றுக்குக் குழாய் போட எந்த நகராட்சியும் பணம் ஒதுக்காது.

மக்கள் திரும்பிப் பார்த்த ஆறுகள் மீண்டிருக்கின்றன. லண்டனின் தேம்ஸ் உயிரற்றுப்போனது என்று 1957இல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவான பிறகு ஆக்சிஜன் திரும்பியது, 1974இல் சால்மன் மீன் மறுபடியும் அங்கே பிடிபட்டது. சாக்கடை வருவது நின்றாலும் அடியில் கிடக்கும் கறுப்புச் சேறு உடனே போவதில்லை. அதைக் கிளறினால் அந்த இரும்பு சல்பைடு நீரின் ஆக்சிஜனை ஒரேயடியாக இழுத்துக்கொள்ளும், அதில் கட்டுண்டிருக்கும் கன உலோகங்களும் வெளிவரக்கூடும். துறைமுகத்தைத் தூர்வாரும் பொறியாளர்கள் அளந்து அளந்து வேலை செய்வது இதனால்தான்.

தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டுக்காரர் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ளது, தன் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று கண்டறிவது. பல வீடுகளின் கழிவு பாதாளச் சாக்கடைக்குப் போகாமல், தெரிந்தோ தெரியாமலோ, மழைநீர் வடிகாலில் இணைந்து நேரே ஆற்றுக்குப் போகிறது. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால், நிரம்பி வழிவதும் அதே வடிகாலுக்குத்தான். கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்று ஓட்டுநரிடம் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. செப்டிக் கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2014இல் விதிமுறை வகுத்திருக்கிறது. இணைப்பைச் சோதிக்க உலகெங்கும் பொறியாளர்கள் கையாளும் முறை எளிது. மழையில்லாத நாளில் தீங்கற்ற சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி நீர் விட வேண்டும். பாதாளச் சாக்கடைக் குழியில் நிறம் தெரிந்தால் இணைப்பு சரி. தெருவோர மழைநீர் வடிகாலில் தெரிந்தால், குழாயை மாற்றித் தரச்சொல்லிக் குடிநீர் வாரியத்துக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.